‘சார், இப்ப எங்க இருக்கோம்?’

வாசகர் கடிதம்: ஈரோட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகள் மின் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மூன்று மில்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐ.டி.ஐ. பையன்களுக்கு வாரம் இரண்டு நாள் ஆன்லைனில் பேனல் டிராயிங் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்புப் படம்) படிக்கச் சொல்லித்தருகிறேன். டிராயிங் எல்லாம் ஏ1 தாள். ஸ்கிரீன் ஷேர் போட்டால் “சார், ஒண்ணும் தெரியல” என்கிறார்கள். பெரிதாக்கிக் காட்டினால் “சார், இப்ப எங்க இருக்கோம்?” என்கிறார்கள். பாதிப் பேர் போனில்தான் பார்க்கிறார்கள். 4கே கேமரா ஒன்று வாங்கி, தாளை மேசையில் விரித்து மேலிருந்து காட்டலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் ஆலோசனை என்ன?

வணக்கம் சார்.

கேமராவை வாங்காதீர்கள். முதலில் அந்தப் பணத்தைக் காப்பாற்றிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஏ1 தாள் 594 மி.மீ.க்கு 841 மி.மீ. அதில் இருக்கும் சின்ன எழுத்து வழக்கமாக 2.5 மி.மீ. உயரம். பையன் போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் திரையின் உயரம் சுமார் 68 மி.மீ.தான் வரும். முழுத் தாளையும் அதற்குள் அடைத்தால் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உங்கள் 2.5 மி.மீ. எழுத்து 0.3 மி.மீ.கூடத் தேறாது. ரவை மணியில் எழுதியதைப் படிக்கச் சொல்வதுபோல.

இது திரையின் அளவை வைத்து. புள்ளிக் கணக்கு, அதாவது பிக்சல் கணக்கு, இன்னும் மோசம். 1080 புள்ளி உயரமுள்ள படமாகப் போனால் அந்த எழுத்துக்குக் கிடைப்பது நாலரைப் புள்ளி. மில் ஹாஸ்டலில் நெட் மந்தமாகி 360க்கு இறங்கினால் ஒன்றரைப் புள்ளி. ஓர் ஆங்கில எழுத்தை அடையாளம் தெரிகிற மாதிரி வரையவே ஏழு புள்ளி உயரமாவது வேண்டும். 4கே கேமரா எடுக்கிற படத்தில் அது ஒன்பது புள்ளியாகும், உண்மைதான். ஆனால் மீட்டிங் மென்பொருள் அதை அப்படியே அனுப்புவது அரிது. அனுப்பினாலும் பையனின் போன் திரை ஒரு மில்லிமீட்டர்கூட வளரப்போவதில்லை. ஆக, “தெரியல” என்று அவர்கள் சொல்வதில் சோம்பேறித்தனம் எதுவும் இல்லை. அங்கே தெரிவதற்கே ஒன்றும் இல்லை.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உபயோகமான ஒரு எண் கிடைக்கும். எழுத்து சௌகரியமாகத் தெரிய 20 புள்ளி உயரம் வேண்டும் என்று வையுங்கள். அப்படியானால் ஒரு நேரத்தில் நீங்கள் காட்டக்கூடியது தாளில் 240 மி.மீ.க்கு 135 மி.மீ. பகுதி. ஒரு ஏ4 தாளைவிடச் சின்னது. அந்த அளவில் உங்கள் ஏ1 தாள் சுமார் 15 ஜன்னல்களாகப் பிரியும். ஒரு ஏ4 தாளை எடுத்து ஓரத்தை வெட்டி இந்த அளவுக்குக் கொண்டுவந்து, டிராயிங்மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். உங்கள் மாணவர்கள் ஒரு நேரத்தில் பார்க்கக்கூடியது அவ்வளவுதான். நான் பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் முதலில் செய்வது இதைத்தான்.

சரி, பெரிதாக்கினால் முடிந்ததா என்றால், அங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. “இப்ப எங்க இருக்கோம்?” உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி அதுதான்.

மில்லில் நீங்கள் டிராயிங் படித்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பேனல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. தாளை விரித்து, பறக்காமல் இருக்க ஒரு மூலையில் டெஸ்டரும் இன்னொரு மூலையில் டீ கிளாஸும். ஒரு விரல் ஃபியூஸ்மேல் இருக்கும். இன்னொரு விரல் வயரைப் பிடித்துக்கொண்டு போகும். கண் விரலைப் பார்த்தாலும், கடைக்கண்ணில் முழுத் தாளும் இருந்துகொண்டே இருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் போகும் பவர் சர்க்யூட் இடப்பக்கம், அதை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோல் வலப்பக்கம், வெளி வயர்கள் வந்து சேரும் டெர்மினல் ஸ்டிரிப் கீழே என்று உடம்புக்கே தெரியும். அந்தத் தாளை யாரும் ஒரே பார்வையில் படித்ததில்லை. விரலால் படித்தோம். ஆன்லைனுக்கு வந்ததும் தாளைக் கொண்டுவந்தீர்கள், விரலையும் கடைக்கண்ணையும் மில்லிலேயே விட்டுவிட்டீர்கள். அவற்றை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் இப்போது வேலை.

நானும் இதில் நன்றாகச் சூடுபட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலைக்காகப் பெரிய குழாய் இணைப்புப் படம் ஒன்றை வீடியோ பாடமாக்கினேன். நாற்பது நிமிடம். கேமரா பறவைபோல மிதந்துபோய் ஒவ்வொரு வால்வு மேலும் இறங்கும், பிறகு ஏறும், அடுத்ததற்குப் போகும். பார்க்க சினிமா மாதிரி இருந்தது. எனக்கே பெருமை. பரீட்சையில் ஒவ்வொரு வால்வும் எதற்கு என்று பையன்கள் அழகாக எழுதினார்கள். பிறகு அசல் தாளைக் கையில் கொடுத்து “அந்த வால்வு எங்கே?” என்றேன். ஒருத்தரும் கை வைக்கவில்லை. படத்துக்குள் அவர்களை நடக்கவிடாமல், நான் தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். டிராயிங்கைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாடம் எடுப்பதில்லை. ஃபால்ட்டை, அதாவது ஒரு பழுதை வைத்துப் பாடம் எடுக்கிறேன்.

உங்கள் உலகத்திலிருந்தே பார்ப்போம். ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் (மில்லுக்குள் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் அமைப்பு) ஃபேன் மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, டைமர் முடிந்ததும் டெல்டாவுக்கு மாற்றும். மாற்றுவது காண்டாக்டர்கள், அதாவது காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் ஏறும் காந்த சுவிட்சுகள். “இது மெயின் காண்டாக்டர், இது ஸ்டார், இது டெல்டா” என்று தொடங்கினால் 15 ஜன்னலும் தேவைப்படும், பத்தாவது ஜன்னலில் பையன் இன்னொரு ஆப்பைத் திறந்துவிடுவான். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: “ஸ்டார்ட் பட்டனை அழுத்தினா மோட்டார் எடுக்குது. விரலை எடுத்தா நின்னுடுது. எங்க பார்ப்பீங்க?” இதற்குப் பவர் சர்க்யூட் வேண்டாம், டைமர் வேண்டாம். கண்ட்ரோல் ஃபியூஸ், ஓவர்லோட் ரிலேயின் (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்திவிடும் காவலாளி) 95-96 என்ற முனைகள், ஸ்டாப் பட்டன், ஸ்டார்ட் பட்டன், அதற்கு இணையாக மெயின் காண்டாக்டரின் 13-14, கடைசியில் காயிலின் ஏ1-ஏ2. (தாளைச் சொல்லவில்லை, காயில் முனையைச் சொல்கிறேன். ஒரு வகுப்பில் இந்த இரண்டு ஏ1-ம் குழம்பி ஐந்து நிமிடம் சிரிப்பாய்ச் சிரித்தோம்.) இத்தனையும் ஒரே ஜன்னலில் அடங்கிவிடும், மிஞ்சினால் இரண்டு. பாதையைப் பையனே சொல்லிக்கொண்டு வரட்டும். 13-14இல் வந்து நிற்பான். விரலை எடுத்த பிறகும் காயிலுக்குக் கரண்டைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஹோல்டிங் காண்டாக்ட் என்ற பெயரை அப்போது சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கேள்வி: “டைமர் முடிஞ்சு ஸ்டார் விழுந்துடுச்சு. டெல்டா ஏறல.” இப்போது டைமர் காண்டாக்ட், ஸ்டார் காண்டாக்டரின் என்.சி. (காண்டாக்டர் ஏறாதபோது மூடியிருக்கும் காண்டாக்ட்), டெல்டா காயில். “டெல்டா காயிலுக்குப் போற வயர் எதுக்கு ஸ்டார் வழியா சுத்திப் போகுது?” என்று எவனாவது கேட்பான். கேட்கவில்லை என்றால் நீங்களே தூண்டிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகும், அதைத் தடுக்கத்தான் இந்த இன்டர்லாக் என்று புரிகிற இடத்தில், பவர் சர்க்யூட்டைப் பார்க்க வேண்டிய தேவை தானாக வருகிறது. அந்த ஜன்னலை அப்போது திறங்கள். இப்படி ஆறேழு ஃபால்ட்டில் தாள் முழுவதையும் சுற்றி வந்துவிடுவார்கள், அதுவும் ஒரு காரணத்தோடு.

இனி “எங்க இருக்கோம்” என்பதற்கு வருகிறேன். உங்கள் டிராயிங்கின் ஓரத்தைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக எழுத்தும் இடமிருந்து வலமாக எண்ணும் அச்சாகியிருக்கும், பெரும்பாலும் 50 மி.மீ.க்கு ஒரு கட்டம். சில பேனல் டிராயிங்கில் மேலே எண் மட்டும் இருக்கும், அதுவும் போதும். நம்மில் பல பேர் அதை அலங்காரம் என்றே நினைத்துவிட்டோம். ஆன்லைனில் அதுதான் உங்கள் விரல். “இங்க பாருங்க” என்ற வார்த்தையை வகுப்பிலிருந்தே தூக்கிவிடுங்கள். “டி9ல பாருங்க, அங்கிருந்து கீழ எஃப்9க்கு வாங்க” என்று சொல்லுங்கள். கையில் பிடிஎஃப் திறந்து வைத்திருப்பவனும், சுவரில் பேப்பர் ஒட்டி வைத்திருப்பவனும், நெட் அறுந்து குரல் மட்டும் கேட்பவனும் ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள். இரண்டு மாதம் கழித்து ராத்திரி ஷிப்டில் உங்களுக்கு போன் போட்டுச் சந்தேகம் கேட்கும்போதும் இதே மொழியில்தான் கேட்பார்கள்.

கடைக்கண்ணுக்கு இன்னொரு ஏற்பாடு. ஒவ்வொரு ஜன்னல் ஸ்லைடின் மூலையிலும் முழுத் தாளின் தபால்தலை அளவுப் படம் ஒன்று வையுங்கள். இப்போது காட்டும் பகுதிமேல் ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் குட்டிப் படத்தில் எழுத்து தெரியாது, தெரியவும் வேண்டாம். டிராயிங்கையே சுருக்கிப் போடாமல், நான்கு கட்டங்களாக வரைந்துவிடுங்கள்: இன்கமர் (வெளியிலிருந்து கரண்ட் உள்ளே வரும் இடம்), பவர், கண்ட்ரோல், டெர்மினல். வகுப்பின் முதல் ஸ்லைடும் இதே படம்தான், திரை நிறைய. நிறையப் பேர் முழுத் தாளையும் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று நினைக்கிறார்கள். அது பாடம் எடுக்கிறவருக்குத் திருப்தி தரும், அவ்வளவுதான்.

இப்படி எளிமையாக்கினால் தப்பாகிவிடுமோ என்று உங்களைப்போன்ற அனுபவசாலிகள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். லண்டன் சுரங்க ரயிலின் சிக்னல் அலுவலகத்தில் வரைவாளராக இருந்த ஹாரி பெக் 1931இல் போட்ட வரைபடம் ஞாபகத்துக்கு வருகிறது. ஊரின் உண்மையான தூரம், வளைவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கோடுகளைக் கிடையாகவும் செங்குத்தாகவும் 45 டிகிரியிலும் மட்டும் வரைந்தார். நம் சர்க்யூட் டயகிராம் மாதிரியே இருக்கும். 1933இல் அதைப் பாக்கெட் மேப்பாக அச்சிட்டார்கள். பயணிக்குத் தெரிய வேண்டியது எந்த ஸ்டேஷனில் மாறுவது என்பதுதான், தண்டவாளம் எத்தனை டிகிரி வளைகிறது என்பதல்ல. ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்கள் பையன் நாளைக்கு பேனலைத் திறந்தால் கதவுக்குள் இருப்பது அசல் டிராயிங்தான், நீங்கள் வரைந்த எளிய படம் அங்கே இருக்காது. அதனால் ஒவ்வொரு ஃபால்ட்டும் முடியும்போது அசல் தாளில் ஒருமுறை அதே பாதையை நடக்கவிட்டு முடியுங்கள்.

ஜன்னலிலிருந்து ஜன்னலுக்குப் போவது எப்படி? நேரலை வகுப்பு என்றால் வழுக்கிக்கொண்டு போகும் அனிமேஷன் வேண்டாம். ஸ்கிரீன் ஷேரில் அது விட்டு விட்டு நகரும், தலை சுற்றும். ஸ்லைடை மாற்றுங்கள், கட்ட எண்ணைச் சொல்லுங்கள், பிறகு ஐந்து வினாடி பேசாமல் இருங்கள். அந்த ஐந்து வினாடிதான் கஷ்டம். ஆசிரியர்களுக்கு மௌனம் என்றால் கரண்ட் போனமாதிரி இருக்கும். ஆனால் உங்கள் திரை மாறியதும் அவன் திரை மாறிவிடாது, அவன் கண் இடம் கண்டுபிடிக்கவும் நேரம் வேண்டும். வீடியோவாகப் பதிவு செய்கிறீர்கள் என்றால் கதை வேறு. பவர்பாயின்டில் ஸ்லைடை நகலெடுத்து, இரண்டாவதில் படத்தைப் பெரிதாக்கி, மார்ஃப் என்ற டிரான்சிஷனைக் கொடுங்கள் (2019 பதிப்பிலிருந்து உண்டு). முழுப் படத்திலிருந்து பகுதிக்கு அழகாக இறங்கும். ஒரு பாடத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். என் நாற்பது நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரலையில் திடீரென்று ஒரு இடத்தைப் பெரிதாக்க வேண்டியிருந்தால், மைக்ரோசாஃப்டின் ஸிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஸூம்இட் என்ற இலவசக் கருவி இருக்கிறது. கன்ட்ரோல் 1 அழுத்தினால் மவுஸ் இருக்கும் இடம் பெரிதாகும், அதன்மேல் கோடும் போடலாம். முழு டெஸ்க்டாப்பையும் ஷேர் செய்தால்தான் அவர்களுக்கும் தெரியும், பவர்பாயின்ட் ஜன்னலை மட்டும் ஷேர் செய்தால் தெரியாது. அப்புறம், ஸூம் மீட்டிங்கில் ஷேர் செய்யும்போது வீடியோவுக்காகச் சீராக்கும் டிக் ஒன்று இருக்கும். அது விழுந்திருந்தால் எடுத்துவிடுங்கள். அசைவுக்காகக் கூர்மையைக் குறைத்துவிடும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்டிப்பாக மாட்டுவீர்கள். நம் ஊர்ப் பழக்கப்படி ஆர், ஒய், பி ஃபேஸ்களைச் சிவப்பு, மஞ்சள், நீலமாக வரையத் தோன்றும். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் மெல்லிய கோடு தெரியவே தெரியாது. சிவப்பும் நீலமும்கூட வீடியோவில் கலங்கிப்போகும், அதற்கு ஒரு காரணம் உண்டு. வீடியோவைச் சுருக்கும்போது வெளிச்சத் தகவல் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகப் போகும். நிறத் தகவலை மட்டும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சிக்கனம் பிடிப்பார்கள். நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்ற தைரியம். முகத்துக்கும் மரத்துக்கும் அது சரி. ஒரு புள்ளி அகலச் சிவப்பு வயருக்குச் சரிவராது, பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தோடு கலந்து அழுக்காகிவிடும். அதனால் எல்லாக் கோடும் கறுப்பாகவே இருக்கட்டும், கொஞ்சம் தடிமனாக. இப்போது பேசும் பாதையின் பின்னால் மட்டும் ஹைலைட்டர் அடித்ததுபோல அகலமான ஒரு வண்ணப் பட்டை போடுங்கள். ஃபேஸின் பெயரை எழுத்தாலும் எழுதுங்கள். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாத பையன் ஒருவன் வகுப்பில் இருக்கலாம், அவன் அதை வெளியே சொல்லியிருக்க மாட்டான்.

இவ்வளவும் செய்ய நல்ல ஒரிஜினல் வேண்டும். பேனல் செய்து கொடுத்தவர்களிடம் டிராயிங் வரைந்த கேட் (CAD) மென்பொருளிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃப் கேளுங்கள். வந்ததும் 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு கத்திபோல நின்றால் அசல். படிக்கட்டாகத் தெரிந்தால் யாரோ ஸ்கேன் செய்து தலையில் கட்டிவிட்டார்கள். பழைய பேனல், புளூபிரின்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் பெரிய தாள் ஸ்கேனர் உள்ள ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் எடுக்கச் சொல்லுங்கள். ஜேபெக் வேண்டாம், பிஎன்ஜி கேளுங்கள். ஜேபெக்கில் கோட்டைச் சுற்றி ஈ மொய்த்ததுபோல் புள்ளி புள்ளியாக வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். பவர்பாயின்டும் சேமிக்கும்போது படத்தைச் சுருக்கிவிடும், ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் படத்தைச் சுருக்க வேண்டாம் என்ற டிக் இருக்கிறது. போட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஆன்லைன் பாட ஆலோசகர் சொல்லக்கூடாத ஒரு விஷயம். பேப்பரைக் கொடுங்கள். மூன்று மில்லிலும் ஏ4 பிரின்டர் கட்டாயம் இருக்கும். ஒரு ஏ1 தாள் என்பது எட்டு ஏ4. அக்ரோபாட் ரீடரில் பிரின்ட் கொடுக்கும்போது போஸ்டர் என்று ஒரு தேர்வு வரும், அதுவே தாளைத் துண்டு துண்டாக அடித்துக் கொடுக்கும். ஓரம் விடுவதால் எட்டுக்குமேல் சில தாள் கூடும். பையன்களையே ஒட்டச் சொல்லுங்கள். எந்தத் துண்டு எதற்குப் பக்கத்தில் வரும் என்று தேடி ஒட்டும் அந்த அரைமணி நேரத்தில், என் மிதக்கும் கேமரா கற்றுக்கொடுக்காததை அவர்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பேனல் ரூமிலோ ஹாஸ்டல் சுவரிலோ அது தொங்கட்டும். வகுப்பு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்கட்டும். போனில் உங்கள் குரலும் ஒரு ஜன்னலும், சுவரில் முழுத் தாளும், நடுவில் அவனுடைய விரலும்.

அடுத்த வகுப்பில் வேறு எதையும் மாற்றாமல் இதை மட்டும் செய்து பாருங்கள். தாளை ஒட்டவைத்துவிட்டு, முதல் பத்து நிமிடத்தில் “ஓவர்லோட் ரிலேயோட 95-96 எந்தக் கட்டத்துல இருக்கு?” என்று கேளுங்கள். பவர் சர்க்யூட்டில் ரிலேயைப் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைச் சொல்பவன் எத்தனை பேர், கண்ட்ரோல் பக்கம் போய் காண்டாக்டைத் தேடிச் சொல்பவன் எத்தனை பேர் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். முதல் வகைதான் அதிகம் என்றால், ஒரே ரிலே தாளில் இரண்டு இடத்தில் இருக்கும் என்பதுதான் உங்கள் இரண்டாவது பாடம், அதற்கான ஜன்னல்களைச் சேர்ந்தே பிரிக்கலாம்.